சோதனையில் ஓடிய ஜெனரேட்டர் லோடு போட்டதும் ஏன் நின்றது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் 7.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, வீட்டு லைனை ஜெனரேட்டருக்கு மாற்ற, கையால் திருப்பும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் லோடு போடாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். நான்கு மாதம் கழித்து நிஜமாகவே கரன்ட் போனபோது செல்ஃப் அடித்ததும் கிளம்பியது. வீட்டு லோடு ஏறியதும் கரும்புகை கக்கித் திணறி நின்றுவிட்டது. வாரம் ஒரு தடவை போதாதா, இரண்டு தடவை ஓட்ட வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, சோதனையில் தேறிய இயந்திரம் வேலை வந்தபோது ஏன் கைவிட்டது என்பதைத்தான். எத்தனை தடவை ஓட்டினீர்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் எது சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். பேட்டரிக்கு செல்ஃபைச் சுற்றும் பலம் இருக்கிறதா, டீசல் வருகிறதா என்ற இரண்டும்தான். லோடு ஏறும்போது வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் டீசலைக் கூட்டுகிறதா, இன்ஜெக்டர் முழு அளவில் சரியாகத் தெளிக்கிறதா, கரன்ட்டை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தாங்குகிறதா, இன்ஜின் சூடேறிய பிறகும் நிலைத்து ஓடுகிறதா என்பவற்றில் ஒன்றுகூடச் சோதிக்கப்படவில்லை.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. அந்த ஓட்டம் இன்ஜினைக் கெடுத்துக்கொண்டும் இருந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றுதான் டீசலைப் பற்றவைக்கிறது. லோடு இல்லாதபோது சிலிண்டர் போதிய சூடு ஏறாது, பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு இறுக்கமாகப் படியாது, தெளித்த டீசலில் ஒரு பகுதி எரியாமல் தங்கும். அந்த மிச்சம் கரியோடு கலந்து இன்ஜெக்டர் நுனியிலும் வால்விலும் சைலன்சரிலும் பிசுபிசுப்பாகப் படியும். சைலன்சர் இணைப்புகளில் கறுப்பு ஆயில் போல ஏதாவது கசிந்திருந்தால் அது இதன் அடையாளம். இன்னொன்று தண்ணீர். டீசல் எரிந்தால் நீராவி உண்டாகும். அதில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் நிற்கும் அடிப்பெட்டியான குளிர்ந்த கிராங்க் கேஸில் தண்ணீராகப் படியும். அரை மணி நேரம் லோடில் ஓடினால் ஆயில் சூடாகி அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் ஈரம் சேருமே தவிர வெளியேறாது. நான்கு மாதத்தில் உங்கள் இன்ஜின் பதினேழு முறைக்குக் குறையாமல் குளிர்ந்த நிலையில் கிளம்பியிருக்கிறது, ஒரு முறைகூட முழுச் சூட்டை எட்டவில்லை. வாரம் இரண்டு தடவை ஆக்கினால் இந்தப் படிவு இரட்டிப்பு வேகத்தில் சேரும்.

ஆகவே தடவையைக் குறையுங்கள், நேரத்தையும் லோடையும் கூட்டுங்கள். மாதம் ஒரு முறை, குறைந்தது 30 நிமிடம், இயந்திரத்தின் திறனில் குறைந்தது 30 சதவீத லோடோடு ஓட்டுங்கள். மருத்துவமனை போன்ற இடங்களின் அவசர மின்சாரத்துக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் எழுதிய என்.எஃப்.பி.ஏ. 110 தரவிதியும் டீசல் இன்ஜின்களுக்கு இந்த அளவைத்தான் சொல்கிறது. வீட்டு இயந்திரத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அதன் பின்னால் இருக்கும் காரணம் எல்லா டீசல் இன்ஜினுக்கும் பொருந்தும். உங்கள் கணக்கு இப்படி வரும். 7.5 கேவிஏவை 0.8 பவர் ஃபேக்டரால் (கேவிஏவில் உண்மையில் வேலைக்கு வரும் பங்கு) பெருக்கினால் 6 கிலோவாட், அதில் 30 சதவீதம் 1.8 கிலோவாட். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றைப் போட்டாலே அந்த அளவு தாண்டிவிடும். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு போன்றவை சோதனைக்கு மிக நல்ல லோடு. எவ்வளவு இழுக்கிறது என்பது நிலையாகத் தெரியும், மோட்டார் போலக் கிளம்பும்போது திடீரென்று பல மடங்கு கேட்காது. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் 1.8 கிலோவாட் ஹீட்டர் லோடு என்பது ஏறக்குறைய 8 ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஃபேஸ் வயரில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இயந்திரம் மூன்று ஃபேஸ் என்றால் லோடை மூன்றிலும் சமமாகப் பிரியுங்கள்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள், கரன்ட் போகும்போது அது அந்த நிலையில்தான் இருக்கப்போகிறது. முதலில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் அளவு பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரைத்து, ஆயில் எரிந்து நீலப்புகை வரும். அளவு கூடிக்கொண்டே போய் டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. பால் கலந்த தேநீர் போல நிறம் மாறியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிறகு கூலன்ட் மட்டம் (ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்கவும்), ஃபேன் பெல்ட், ஹோஸ் பைப்புகள், தரையில் ஏதாவது கசிவு, இவற்றைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் ஜாலியையும் சைலன்சர் வாயையும் கட்டாயம் பாருங்கள். பல வாரம் அசையாமல் நிற்கும் இயந்திரம் எலிக்கும் குளவிக்கும் நல்ல வீடு. எலி வயரின் தோலைக் கடித்தால் அதன் விளைவு பல மாதம் கழித்து, வேண்டாத நேரத்தில்தான் தெரியவரும்.

செல்ஃப் அடிப்பதற்கு முன் பேட்டரி சார்ஜரை அணைத்துவிடுங்கள், பேட்டரி தன் பலத்தில் கிளப்பட்டும். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். கிளம்பாவிட்டால் அரை நிமிடமாவது விட்டு மறுபடி அடியுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும். கிளம்பியதும் மூன்று முதல் ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும். பிறகு சேஞ்ச்ஓவரைத் திருப்பி லோடை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஹீட்டர் ஒன்று, அது நிலைத்ததும் ஃபிரிட்ஜ், அதற்குப் பிறகு தண்ணீர் மோட்டார். ஒவ்வொன்றும் ஏறும்போது இன்ஜின் ஒரு கணம் தாழ்ந்து உடனே நிமிர வேண்டும். தாழ்ந்தபடியே இழுத்தாலோ, ஏறி இறங்கி ஊசலாடினாலோ அதுதான் இந்த ஓட்டத்தில் நீங்கள் பிடிக்க வேண்டிய குறை. முடிக்கும்போது லோடை எடுத்துவிட்டு மூன்று, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள். இந்தக் கடைசி ஓட்டம் உள்சூடு சீராக இறங்குவதற்காக.

மீட்டரில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் சாதாரண இயந்திர கவர்னர் என்றால் லோடு இல்லாதபோது 51.5 முதல் 52.5 ஹெர்ட்ஸ் வரை காட்டும், முழு லோடில் 50க்கு இறங்கும். இது குறை இல்லை, அந்த வகை கவர்னரின் இயல்பே அதுதான். எலக்ட்ரானிக் கவர்னர் என்றால் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். சுற்று வேகத்தை ஆல்டர்னேட்டரின் துருவ எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் வரும். நான்கு துருவத்துக்கு 1500 சுற்று, இரண்டு துருவத்துக்கு 3000 சுற்று என்பது அந்தக் கணக்குதான். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் இவை 1800, 3600. லோடு ஏறியதும் ஹெர்ட்ஸ் 48க்குக் கீழே போய்த் திரும்பாவிட்டால் இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை, அல்லது லோடு அதிகம். ஹெர்ட்ஸ் சரியாக இருந்து வோல்டேஜ் மட்டும் விழுந்தால் சந்தேகம் இன்ஜின் மேல் இல்லை, ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா என்ற குழப்பம் தீரும். நெடுநாள் ஓடாத சில இயந்திரங்களில் இன்ஜின் நன்றாக ஓடும், வோல்டேஜ் மட்டும் வராது. இரும்பில் தங்கியிருக்கும் மிச்சக் காந்தம் போய்விட்டிருக்கும். பேட்டரியால் சில வினாடி தூண்டி அதை மீட்கலாம், ஆனால் வயரைத் தப்பாக மாட்டினால் ஏவிஆர் போய்விடும். தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை என்று வரும் புகார்களில் பேட்டரிதான் முதல் குற்றவாளி. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. ஆனால் அசையாதபோது காட்டும் வோல்டேஜ் ஏமாற்றும். நோயாளி பேட்டரியும் 12.6 காட்டலாம். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு விழுகிறது என்பதுதான் உண்மையான சோதனை. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது. 9.6க்குக் கீழே போனால் முதலில் டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, முழுச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம், கரைசல் செல்லுக்குள் இறங்கக் கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஸ்பேனர் தவறி இயந்திரத்தின் இரும்பு உடம்பில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை. ஐந்து நிமிட ஓட்டம் செல்ஃப் எடுத்த சார்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாரக்கணக்கில் தானாக இறங்கியதைக் கொடுக்காது. அதனால் 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜர் எப்போதும் மாட்டியிருக்கட்டும். தானாகக் குறையாத பழைய வகை சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை நம்பாதீர்கள். வெப்பமான இடத்தில் அதற்கு முன்பே தேய்ந்துவிடும்.

டீசல் விஷயத்தில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பாதி லோடில் உங்கள் இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். மாதம் அரை மணி நேரம் ஓட்டினால் வருடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் செலவாகும். டேங்க்கில் 40 லிட்டர் இருந்தால் சோதனை ஓட்டத்தால் அது மாறவே மாறாது, பழசு பழசாகவே கிடக்கும். சுத்தமாக மூடி வைத்த டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீர் அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் கிருமிகள் வளர்ந்து கறுப்புச் சளி போலத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். டேங்க்கை நிறைத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். தண்ணீர் பிரிப்பான் இருந்தால் அதையும் திறந்து விடுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றினால் ஏர் எடுக்க மறக்காதீர்கள். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஏர் பிடித்திருந்தால் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் தானாக அணைந்துவிடும், புகையும் பெரிதாக இருக்காது.

பெட்ரோல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே கரி படிவதைவிட, நாள்பட்ட பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகி, ஜெட் எனும் மெல்லிய துளையை அடைப்பதுதான் தலைவலி. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பெட்ரோல் தரம் இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் பெட்ரோல் குழாய் வால்வை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிட்டால் கார்பரேட்டர் காலியாக இருக்கும். கேஸில் ஓடுபவற்றுக்கு எரிபொருள் கெடும் கவலையே இல்லை.

ஆயிலை மணிக்கணக்கில் மட்டும் பார்த்தால் உங்களுக்கு மாற்றும் நாளே வராது. சிறிய டீசலுக்கு 200 முதல் 250 மணி நேரம், சிறிய பெட்ரோலுக்கு 100 மணி நேரம் என்பது பரவலான அளவு. உங்கள் மாடலுக்கு வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி. எந்த எண்ணாக இருந்தாலும் வருடம் ஒரு முறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள், கெடுப்பது ஓட்டமல்ல, உள்ளே தங்கிய ஈரமும் அமிலமும். கூலன்ட் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், சாதாரண வகை என்றால் இரண்டு வருடம். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும்.

இனி கருத்து வேறுபாடு உள்ள இடங்கள். தானியங்கி இயந்திரங்கள் பலவற்றில் வாரம் ஒரு முறை சில நிமிடம் லோடு இல்லாமல் ஓடும்படி தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். கேஸில் ஓடும் இன்ஜினுக்கு அது பெரிய கெடுதல் இல்லை. டீசலுக்கு அதை மாதம் ஒரு முறையாக்கி, லோடோடு கையால் ஓட்டுவதே மேல் என்பது என் கருத்து. இன்னும் அடிக்கடி ஓட்டினால்தான் குறை முன்கூட்டியே தெரியும் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஓடும் நேரமும் லோடும் போதுமான அளவு இருந்தால் அதிலும் தவறில்லை. டீசலில் கலக்கும் மருந்துகளைப் பற்றியும் ஆளுக்கொரு பேச்சு. கிருமி வளர்ந்த பிறகு மருந்து அதைக் கொல்லும், ஆனால் செத்த கசடு டேங்க்கிலேயே கிடந்து ஃபில்டரை அடைக்கும், டேங்க்கைக் கழுவாமல் தீராது.

இரண்டு விஷயத்தில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. வீட்டுக்குள், மூடிய ஷெட்டில், கதவு திறந்த கார் நிறுத்துமிடத்தில்கூட ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, தலைவலி என்று உணர்வதற்குள் எழுந்து நடக்கும் தெம்பு போய்விடலாம். ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்புறம் போகும்படி வையுங்கள், படுக்கை அறைப் பக்கம் ஒரு எச்சரிக்கைக் கருவியும் மாட்டுங்கள். இரண்டாவது, சேஞ்ச்ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக் வழியே வீட்டு வயரிங்கோடு இணைப்பது. தெரு டிரான்ஸ்ஃபார்மர் அந்த 230 வோல்ட்டைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும். கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் கை வைத்திருக்கும் ஊழியர் அங்கேயே இறந்துவிடலாம். நடுவில் இரண்டு பக்கமும் துண்டிக்கும் நிலை உள்ள சுவிட்ச்தான் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் இயந்திரம். கரும்புகை என்றால் போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகத் தெளிக்கப்படவில்லை, அல்லது தாங்கக்கூடிய அளவை மீறிய லோடு. இதுவரை உறுதி. எதனால் என்பதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது, ஆனால் எந்த வரிசையில் தேடலாம் என்று சொல்லலாம். சுவிட்சைத் திருப்பிய கணத்தில் ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்த நிலையில் இருந்தனவா? மோட்டார்கள் கிளம்பும்போது ஓடும் கரன்ட்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். மூன்று ஒரே கணத்தில் கிளம்பினால் நல்ல இயந்திரமும் படுத்துவிடும். அப்படியென்றால் செலவில்லாத தீர்வு, எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டுச் சுவிட்சைத் திருப்பி, ஒவ்வொன்றாக ஏற்றுவது. அப்படிச் செய்தும் புகைந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சைலன்சர் அடைப்பைப் பாருங்கள். இரண்டும் சுத்தமென்றால் உள்ளே கரி படிந்திருப்பது பெரும்பாலும் காரணம். ஆயிலை மாற்றிவிட்டு, 2 கிலோவாட்டில் தொடங்கி அரை மணிக்கு ஒரு முறை கூட்டி 4.5 கிலோவாட் வரை கொண்டுபோய், இரண்டு மணி நேரம் அங்கே ஓட்டுங்கள். சைலன்சரில் படிந்த எண்ணெய் எரியும் என்பதால் பக்கத்தில் எதுவும் தீப்பற்றும் பொருள் வேண்டாம், ஆள் அருகில் நிற்க வேண்டும். முதலில் புகை கூடி, பிறகு மெல்லிய சாம்பல் நிறத்துக்கு இறங்கினால் படிவு எரிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்தும் கறுப்பாகவே வந்தால் மேலும் ஓட்டாமல் நிறுத்தி, இன்ஜெக்டரைக் கழற்றித் தெளிப்பு அழுத்தம் பார்க்கும் பட்டறைக்குக் கொடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது விழுந்த வோல்டேஜ், லோடில் ஹெர்ட்ஸ், இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரம், புகை நிறம் நான்கையும் அன்றைய தேதியோடு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால், மெக்கானிக் பாதி நேரத்தில் குறையைப் பிடித்துவிடுவார்.